பரண்மேல் கிடந்த ஒரே ஜோடி

என் வீட்டுக்காரர் நான் வேலை பார்க்கிற கடைப் படியேறி வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ திருட்டுத்தனம் நடக்கிறது என்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் அவருடைய பெண்டாட்டி நின்றுகொண்டு ஃபேன் பெல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். யாராவது கேட்டால் "அவ ஆட்டோமொபைல் லைன்ல இருக்கா" என்று சொல்லி வைப்பார். என் நகத்தில் கிரீஸைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். என் சம்பளத்தில் கிரீஸ் வாடை அடிக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவருக்குப் பின்னால் அவர் தம்பி, என் கொழுந்தன், கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். அவனை எல்லோரும் 'டீலிங்' என்பார்கள். என்ன வேலை என்று கேட்டால் "டீலிங் பண்றேன்" என்பான். எதை வாங்குகிறான், எதை விற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. நான் அறிந்து அவன் உருப்படியாக விற்ற ஒரே பொருள், பெற்ற அப்பாவின் பிக்கப் வண்டி.

"ஹெட்லைட் வேணும்," என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ ஊர்பேர் தெரியாத கடைக்காரியிடம் கேட்பதுபோல. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இந்த மாடலுக்கு. வட்டமா இருக்கும் பாரு, அது."

"எந்த வண்டிக்கு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீலிங் கண்ணாடியைக் கழற்றினான். "அண்ணி, நீங்கதான் மனசு வைக்கணும்," என்றான். அண்ணி என்ற சொல் அவன் வாயில் வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். என் மாமனார் சொந்தப் பிக்கப்பில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியே இந்த இரண்டு ரத்தினங்களையும் படிக்க வைத்தவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. அந்தச் சமயம் பார்த்து, பென்ஷன் பேப்பர் என்று சொல்லி, கையைப் பிடித்து இடம் காட்டி, வண்டியை விற்கக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவர் கேட்டபோது, மழையில் நனையாமல் நண்பனின் குடோனில் நிற்கிறது என்றார்கள். வண்டிக்குப் பதிலாகக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வந்தது. பாவம், அவர் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்து செய்தி கேட்பார். "சவுண்டு நல்லா இருக்குடா," என்று பாராட்டவும் செய்தார். தன் வண்டிதான் பேசுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் "உங்க பையனக் கேளுங்க மாமா" என்று மட்டும் சொல்வேன். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொல்லுங்கள் என்று இவரிடம் சொன்னபோதெல்லாம் "பெரியவங்கள வருத்தப்பட வைக்காத" என்று எனக்கே புத்திமதி கிடைத்தது.

இப்போது ஆபரேஷன் நடந்து, கட்டுப் பிரித்து, மாமாவுக்குப் பார்வை வந்துவிட்டது. டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம். சரியாகச் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனதும் மொத வேலையா என் வண்டியப் பாக்கணும்" என்றாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர்களுக்குக் கண் வந்த பிறகு கிரகணம் பிடித்துவிட்டது.

"அதே மாதிரி ஒரு வண்டி வாங்கிட்டோம்," என்றார் இவர், சாதித்த முகத்தோடு. "அதே நீலம். பாடி அச்சு அசல். என்ன ஒண்ணு, இது கொஞ்சம் பின்னால வந்த மாடல். லைட்டு சதுரமா இருக்கு. அப்பா வண்டி பழைய மாடல், அதுக்கு வட்டம். நெட்ல பாத்து கன்ஃபார்ம் பண்ணிட்டேன்."

கையிலிருந்த பேரிங்கைக் கீழே வைத்தேன்.

அந்த நிறுவனம் அந்தப் பிக்கப்பை எத்தனையோ வருடம் ஒரே உடம்போடு விட்டது உண்மைதான். முதலில் வந்தவற்றுக்கு வட்ட விளக்கு, பின்னால் வந்தவற்றுக்குச் சதுரம். மாமாவின் வண்டி பழைய மாடல் என்பதும் உண்மை. ஆனால் அதற்குச் சதுர விளக்குதான். என் மாமியார் வண்டி ஓட்டப் பழகின புதிதில் ஒரு சிமெண்டுத் தூணில் நேராகக் கொண்டுபோய் இடித்து, முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. மாமா திட்டவில்லை. பழைய இரும்புக் கடையில் தேடி, பின் மாடல் ஒன்றின் கிரில்லையும் விளக்கையும் கழற்றி வந்து மாட்டினார். இடது விளக்கின் மூலையில் கண்ணாடி சில்லுப் பெயர்ந்திருந்தது. தண்ணீர் இறங்காமல் இருக்க மாமியார் எபாக்சி பசையைப் பிசைந்து கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார். பசை காய்ந்ததும் ரேகையோடு அந்த விரல் அப்படியே தங்கிவிட்டது. இடித்தவர் போட்ட கையெழுத்து என்று மாமா சொல்வார். மாமியார் போன பிறகு தினமும் வண்டியை எடுக்கும் முன் அந்த மூலையில் தன் கட்டைவிரலை ஒரு தரம் வைப்பார். நான் மருமகளாக அந்த வண்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பெற்ற பிள்ளைகள் பார்த்ததில்லை. அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனார்கள், அந்த வண்டி சம்பாதித்ததில்தான் தின்றார்கள். அதன் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இப்போது நெட்டில் தேடுகிறார்கள்.

"நல்லாத் தெரியுமா, மாமா வண்டிக்கு வட்டந்தானா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு வண்டி எனக்குத் தெரியாதா? நீ நேத்து வந்தவ."

"ஒருதடவ யோசிச்சுப் பாருங்க. பழைய போட்டோ ஏதாவது..."

"அண்ணி, கம்பெனி கேட்டலாக்லயே வட்டம்னு போட்டிருக்கான். இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" என்றான் டீலிங்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெண்ணெயைத் தூக்கி எறிந்துவிட்டு அலைகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் வாங்கி வந்த வண்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் இருந்திருந்தால் பாதி தப்பித்திருப்பார்கள்.

சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு எனக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் முந்தின வாரம் தொப்பி போட்டுக்கொண்டு கடைக்கு வந்திருந்தது.

அந்த மனிதர் பழைய வண்டிகளை வாங்கி, துடைத்து, ஷெட்டில் வரிசையாக நிறுத்தி, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறவர். தொப்பியில் ஏதோ சங்கத்தின் வில்லை. எதையும் ஏற்றாத வண்டியை அவர்கள் 'கிளாசிக்' என்பார்கள். அவரும் ஒரு படத்தைக் காட்டி வட்ட விளக்குதான் கேட்டார். எங்கெங்கோ கை மாறி, படத்தில் நின்றது மாமாவின் வண்டி. இடது விளக்கின் மூலையில் சாம்பல் நிறப் பசை தெளிவாகத் தெரிந்தது.

"யாரோ ஒரு அறிவுகெட்டவன் இதுக்குச் சதுரத்த மாட்டி வச்சிருக்கான்மா. பாத்தாலே பத்திக்கிட்டு வருது. இதப் பிடுங்கிக் குப்பையில போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்," என்றார்.

வட்ட விளக்கு, வளையம், கிரில் எல்லாம் சேர்ந்த பழைய செட் எங்கள் பரண்மேல் ஒன்றே ஒன்று இருந்தது. வேறு எந்தக் கடையிலும் இல்லை என்று அவரே புலம்பினார். "தேடிப் பாத்துட்டு சொல்றேன் சார்," என்று அனுப்பி வைத்தேன். அவருடைய விலாசத்தையும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதலாளி என்றைக்காவது பரணைத் துப்புரவாக்கினால் அந்த ஜோடி தொப்பிக்குப் போய்விடும். அத்தையின் விரல் குப்பைக்குப் போய்விடும். வண்டி போனது போனதுதான். அந்த விரல் ஒன்றுதான் மிச்சம்.

இப்போது என் எதிரில் இரண்டு கழுதைகள் அதே ஜோடிக்கு வந்து நிற்கின்றன. உண்மையைச் சொன்னால் வாங்காமல் போய்விடுவார்கள். நான் ஏணியை வைத்துப் பரண்மேல் ஏறினேன்.

"நல்லாத் தொடச்சுக் குடு," என்றார் என் வீட்டுக்காரர்.

துடைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை எங்கள் வாசலில் மெக்கானிக் வந்து வேலை பார்த்தார். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்போன் படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து உத்தரவு போட்டார். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், "லெஃப்ட்ல ஒரு நூல் ஏத்துங்க" என்றபோது மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கழற்றிய சதுர விளக்குகளைக் கிரில்லோடு கொல்லைப்பக்கம் வீசினார்கள். டீலிங் ஒரு சேற்றுத் துணியைக் கொண்டுவந்து வண்டிமேல் அங்கங்கே தடவினான். பழைய தோற்றம் வருமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட இவ்வளவு சிரத்தையாகச் செய்யமாட்டான்.

"அப்பா அசந்துடுவாரு," என்றார் இவர்.

ஞாயிறு காலையில் மாமா வந்தார். அவருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள். காரிலிருந்து இறங்கியதும் அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நரைச்சிருக்கேம்மா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு, கோவிலைச் சுற்றிக்காட்டுவதுபோல வண்டியிடம் அழைத்துப்போனார்கள்.

"எப்படிப்பா? அப்படியே இருக்கா?"

மாமா ஒரு எட்டு பின்னால் வைத்தார். நின்று பார்த்தார். அப்புறம் முன்னால் போய், பழக்கத்தில் இடது விளக்கின் மூலைக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். விரல் வளையத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் வைத்தார். மறுபடியும் வழுக்கியது.

"இதுக்கு மூலை எங்கடா?" என்றார்.

"மூலையா? வட்டத்துக்கு ஏதுப்பா மூலை?" என்று சிரித்தான் டீலிங்.

"வட்டம் எப்ப வந்துச்சு?"

என் வீட்டுக்காரருக்கு வியர்த்தது. "எப்பவும் வட்டந்தானப்பா. கண்ணு இப்பத்தான வந்திருக்கு, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தெரியும்னு டாக்டர் சொன்னாருல்ல."

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விற்றதுகூடப் பரவாயில்லை. இப்போதுதான் பார்வை வந்த மனிதரிடம் உன் பார்வையை நம்பாதே என்று சொல்ல ஒரு வாய் வேண்டுமே, அந்த வாயோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

மாமா மகனை நிதானமாகப் பார்த்தார். "உங்கம்மா இந்த வண்டியத் தூண்ல விட்டப்ப நீ உள்ள உக்காந்திருந்தடா. வட்டம் அன்னைக்கே போச்சு. அதுக்கப்புறம் நீ காலேஜ் முடிக்கிறவரைக்கும் சதுரம்தான். கண்ணு போனது எனக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டேன்."

இரண்டு பேரும் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றார்கள். மாமா வீட்டுக்குள் நடந்தார். கூடத்தில் அந்த டிவியை முதல் தடவையாகப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கண்ணை ஓட்டினார்.

"இதுதானா அது?" என்று கேட்டார்.

அவர் தன் நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகைக் காட்டிப் போட்டு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நான் பக்கத்தில் போனேன். "வண்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் மாமா."

"ஓடுதா?"

"ஓட்டுறதில்ல. தொடச்சு வச்சிருக்காங்க."

"மூலை?"

"அத்தை விரல் அப்படியே இருக்கு. போன வாரம் படத்துல பாத்தேன்."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

தொப்பிக்காரரின் ஷெட்டில் தரை அவ்வளவு சுத்தம், ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. வரிசையாக நின்ற வண்டிகளின் நடுவே எங்கள் நீலம் நின்றது. மாமா நேராகப் போய் மூலையில் விரலை வைத்தார். இந்தத் தடவை வழுக்கவில்லை. எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அதப் பாத்துத்தான் பெரியவரே எனக்கும் வேதனை," என்றார் தொப்பி பின்னாலிருந்து. "எந்த மடையன் மாட்டினானோ."

"நான்தான்," என்றார் மாமா.

வேறு மனிதனாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். தொப்பிக்கு அதெல்லாம் கிடையாது. அந்த மாடல் எந்த வருடம் வந்தது, எதனால் வட்டம், எதனால் பிறகு சதுரம் என்று, அந்த வண்டியிலேயே முதுகு ஒடிந்த மனிதருக்கு உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"வண்டிய நான் கேக்க வரல. என் பசங்க வித்துட்டாங்க, நீங்க வாங்கிட்டீங்க. இந்த லைட்ட மட்டும் குடுங்க. உங்களுக்கு வேண்டிய வட்டம் முழு செட்டா எங்க வீட்டு வாசல்ல நிக்குது. கொண்டாந்து மாட்டித் தரச் சொல்றேன்."

தொப்பிக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. குப்பையை வாங்கிக்கொண்டு தங்கத்தைத் தருகிற பைத்தியம் கிடைத்தது என்று நினைத்தார். என்னிடம் திரும்பி, "நீ தேடிப் பாத்துட்டு சொல்றேன்னியே, கெட்டிக்காரிம்மா," என்று வேறு சொன்னார். சிரித்து வைத்தேன்.

திரும்பி வந்ததும் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன் என்று இவர் செல்போனை எடுத்தார்.

"வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் கழட்டுங்க. அங்க கொண்டுபோய் மாட்டுங்க. அங்க இருக்கிறதக் கழட்டிக் கொண்டாந்து இதுல மாட்டுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் மாமா.

டீலிங் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினான். "எதுக்குப்பா அவ்வளவு தூரம்? இந்த வண்டியில இருந்த சதுர லைட்டே அங்க கெடக்கு. அதே மாடல். எது போட்டா என்ன?"

"அதச் சொல்லித்தானடா வண்டியவே மாத்துனீங்க."

கழற்றத் தொடங்கினார்கள். எந்தப் பக்கம் சுற்றினால் திருகாணி கழலும் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. டீலிங்கின் கறுப்புக் கண்ணாடி ரேடியேட்டர் இடுக்கில் விழுந்து ஒரு கால் உடைந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து மாமாவுக்கு மட்டும் கொடுத்தேன். தொப்பியின் ஷெட்டுக்கும் கூடவே போய், மாமா பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டேன். அங்கே அவர்கள் திருகாணிக்கு விட்ட ஆயில் தரையில் சிந்தியதற்குத் தொப்பி கத்தினார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சுகமாக உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் எங்கள் வாசலில் சதுர விளக்குகள் வந்து உட்கார்ந்தன. அந்த விளக்குகளின் சொந்த உடம்பு இது இல்லைதான். பெயிண்ட் வேறு, கதவுச் சத்தம் வேறு. மாமா அதையெல்லாம் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படியாவது அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று தேடினார். இடது மூலை கண்ணில் பட்டது.

"இங்க ஏதோ பசை ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருக்குப்பா," என்று ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்தார். "சுரண்டிச் சுத்தம் பண்ணிடறேன்."

"கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

மாமா எழுந்து வந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கீழே போட்டார். மகனின் வலது கையைப் பிடித்தார். முன்பு இவர்கள் அவர் கையைப் பிடித்துத் தாளில் இடம் காட்டிய மாதிரியே, இவருடைய கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். விரல் பெரியது, பள்ளம் சின்னது. ஓரம் பிதுங்கி நின்றது.

"யாரோடதுன்னு தெரியுதா?"

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ரேகையைப் பார்த்தார். டீலிங் மெதுவாக நழுவி வீட்டுக்குள் போய், பழக்க தோஷத்தில் டிவியைப் போட்டான்.

"அத அணைடா," என்றார் இவர், திரும்பாமல். மாமா கையை விட்ட பிறகும் இவர் தன் விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.